ஆறணா பாக்கி

1

ஏலக் கேட்லாக் ஒன்றை இலக்கியப் பிரதியைப் போல வாசிக்கலாம் என்று நான் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். 'எதையாவது பிரதின்னு சொல்லிட்டுக் கட்டுடைக்கக் கெளம்பிடுறீங்கப்பா' என்றார். அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. பிரதி, வாசிப்பு, சொல்லாடல் என்கிற சொற்களை நாமெல்லாம் சில்லறைக் காசு மாதிரிப் புழங்கித் தேய்த்து வைத்திருக்கிறோம். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்க எனக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கேட்லாகில் படம் போட்டு விலை குறித்திருந்த கடித உறைகளின் ஜாதியைச் சேர்ந்த உறை ஒன்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் கிடந்தது.

என் ஆயா பழவேற்காட்டில் பாடு உரிமை உள்ள குப்பம் ஒன்றைச் சேர்ந்தவள். அவளுடைய தம்பி, எனக்குச் சின்னத் தாத்தா, ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். அங்கிருந்து 1952-இல் அவர் போட்ட கடிதத்தில் தபால்தலை இல்லை. உறையின் மேல் 'டி' என்ற எழுத்து முத்திரையாக விழுந்திருக்கிறது. பக்கத்தில் இந்தியத் தபாலாபீஸ் குத்திய இன்னொரு முத்திரை. அதற்குள் மையால் எழுதிய ஒரு எண், ஆறு. ஆறணா கொடுத்து ஆயா அதை வாங்கியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் இதற்குப் பேர் பேரிங் லெட்டர்.

சென்னையில் பழைய தபால்தலை வாங்கி விற்கும் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'கவர் நல்ல கவர்தான் சார். ஆனா ட்யூ ஸ்டாம்ப் இல்லியே, வெறும் சாப்பாப் போச்சே. நம்ம இந்தியாவுல ட்யூ ஸ்டாம்பே கெடையாது. இதே கவர் இங்கேருந்து பினாங்குக்கு பேரிங்கா போயிருந்தா அந்த ஊருத் தலைய ஒட்டியிருப்பான். அது கெடச்சாக் கொண்டாங்க. இதுக்கு எண்ணூறு தரலாம்' என்றார்.

எண்ணூறு ரூபாய் குறைவு என்பது என் புகார் அல்ல. நான் பேச வந்தது வேறு. ஒருவர் பட்ட கடனின் சான்று சரக்காக மாறி ஏலத்துக்கு வரும்போது, அந்தக் கடனைக் கட்டியவர் எங்கே போகிறார்? கேட்லாக் அவரை எந்த இடத்தில் வைத்து அழிக்கிறது? இதுதான் கேள்வி.

2

நிலுவைத் தலை என்று தமிழில் வைத்துக்கொள்வோம். சாதாரணத் தபால்தலையை அனுப்புகிறவர் காசு கொடுத்து வாங்கி ஒட்டுகிறார். தலையே ஒட்டவில்லை, அல்லது ஒட்டியது போதவில்லை என்றால், போய்ச் சேருகிற ஊரில் தபாலாபீஸ்காரர்கள் பாக்கித் தொகைக்கு ஒரு தனித் தலையை ஒட்டி முத்திரை குத்துவார்கள். பெறுகிறவர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பிரான்ஸ் 1859-இல் இதை முதலில் வெளியிட்டது. அமெரிக்கா 1879-இல், இங்கிலாந்து 1914-இல். வாசலில் வசூலான காசு தபால்காரர் பையோடு நின்றுவிடாமல் கணக்குக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகப் பிரான்சில் செய்த ஏற்பாடு இது. அதனால் இந்தத் தலைகளில் பெரும்பாலும் ராஜா இல்லை, ராணி இல்லை, கோபுரம் இல்லை. நடுவில் ஒரு எண், சுற்றிலும் ஒரு கட்டம், 'கட்ட வேண்டியது' என்கிற பொருளில் ஒரு சொல். அவ்வளவுதான். ஒரு அரசு தன் குடிமக்களிடம் அலங்காரம் எதுவும் இல்லாமல் பேசிய அபூர்வமான இடம் என்று இதைச் சொல்லலாம்.

கேட்லாகில் இதற்குக் கொடுத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். முதலில் பொதுத் தலைகள் வருஷ வாரியாக வரும். நாட்டின் வரலாறு அங்கேதான் நடக்கிறது, முடிசூட்டு, விடுதலை, வெள்ளிவிழா எல்லாம். அவை முடிந்தபிறகு கடைசிப் பக்கங்களில் நிலுவைத் தலைகள். ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாகில் எண்ணுக்கு முன்னால் 'டி' என்று போடுவார்கள். அமெரிக்க ஸ்காட் கேட்லாகில் 'ஜே'. சேகரிப்பாளர்கள் இந்தப் பகுதியை 'புத்தகத்தின் பின்புறம்' என்றே அழைக்கிறார்கள். மையம், விளிம்பு என்று நாம் மாய்ந்து மாய்ந்து எழுதியதை ஒரு விலைப்பட்டியல் இவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டிருக்கிறது. வீட்டுக்கு முன்வாசலில் கொடி. கொல்லைப்புறத்தில் கடன்காரர்கள்.

நிலுவைத் தலைக்கு முந்திய காலத்தில் கடிதம் என்பதே பெரும்பாலும் கடன்தான். இங்கிலாந்தில் 1840-க்கு முன்னால் பெறுகிறவர் பணம் கொடுத்துக் கடிதத்தை மீட்பதுதான் வழக்கம். தூரத்துக்குத் தகுந்த கட்டணம், தாளின் எண்ணிக்கைக்குத் தகுந்த கட்டணம். ரோலண்ட் ஹில் 1837-இல் எழுதிய சீர்திருத்தப் பிரசுரத்துக்குப் பிறகுதான் முன்கூட்டியே கட்டணம் செலுத்துகிற முறையும் ஒட்டுத் தலையும் வந்தன. அந்த நாளில் வழங்கிய ஒரு கதை உண்டு. கவிஞர் கோல்ரிட்ஜ் ஒரு கிராமத்து வாசலில் ஒரு பெண் காசில்லாமல் கடிதத்தைத் திருப்பித் தருவதைப் பார்த்து, இரக்கப்பட்டுத் தானே பணத்தைக் கொடுக்கிறார். தபால்காரர் போனபிறகு அவள் உறையைப் பிரித்துக் காட்டுகிறாள். உள்ளே வெற்றுத்தாள். அண்ணன் சௌக்கியம் என்பதைச் சொல்ல உறையின் மேற்புறத்தில் ஒரு அடையாளம் போதும் என்று இருவருக்குள்ளும் ஏற்பாடு. காசு கொடுக்காமல் செய்தியை வாங்கிக்கொண்டு தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கதையை ஏழைகளின் மோசடி என்று படிப்பவர்கள் உண்டு, எதிர்ப்பு என்று படிப்பவர்களும் உண்டு. இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். கடிதத்தின் பொருள் உள்ளே இருப்பதாக நினைத்தவர் கவிஞர். வெளியிலேயே இருக்கிறது என்று தெரிந்தவள் அந்தப் பெண். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

இந்தியாவுக்கு வருவோம். 1854 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதற்குமான தபால்தலைகள் புழக்கத்துக்கு வந்தன. கால் தோலா எடைக்குள் இருந்தால் தூரம் எவ்வளவானாலும் அரையணா. தலை ஒட்டாமல் போட்டால் பெறுகிறவர் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். சர்வதேசத் தபால் ஒன்றியத்தில் 1876-இல் இந்தியா சேர்ந்தது. பிரெஞ்சில் வரியைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தான 'டி' நம்மூர் உறைகளில் விழத் தொடங்கியது அந்த ஒன்றியத்தின் ஏற்பாட்டால்தான். ஆனால் பிரித்தானிய இந்தியா பொதுப் புழக்கத்துக்கு நிலுவைத் தலை வெளியிடவில்லை. 1947-க்குப் பிறகும் வெளியிடவில்லை. ஒரு முத்திரை, அதில் கையால் எழுதிய ஒரு தொகை. இவ்வளவு ஜனங்களின் இவ்வளவு பாக்கி அச்சில் ஏறாமலேயே போயிற்று. கேட்லாகில் இந்தியப் பகுதியைப் புரட்டினால் அந்த 'டி' வரிசையே இல்லை. கொல்லைப்புறத்தில்கூட நமக்கு இடம் கிடைக்கவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்!

தலை இல்லை என்பதால் கடனின் பிடி தளர்ந்திருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1898-ஆம் வருஷத்து இந்திய அஞ்சலகச் சட்டம் இதில் கறாராக இருந்தது. கடிதத்தை வாங்கிக்கொண்டவர் பாக்கியைக் கட்டியாக வேண்டும். அவர் மறுத்தால் அனுப்பியவரிடம் வசூலிக்கலாம். கட்டாதவரிடமிருந்து அபராதம் போல வசூலிக்கலாம். அதோடு, பாக்கி தீரும்வரை அவருக்கு வரும் மற்றத் தபால்களையும் நிறுத்தி வைக்கலாம். கடைசி ஷரத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு கடிதத்துக்குக் கடன்பட்டவருக்கு மற்றக் கடிதங்களும் இல்லை. 125 வருஷத்துக்கு மேல் நின்ற இந்தச் சட்டம், 2023-இல் இயற்றி 2024 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தால்தான் விலகியது.

தமிழ் மண்ணில் நிலுவைத் தலை இருந்த இடம் ஒன்று உண்டு, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியும் காரைக்காலும். 1923-இல் பிரான்சின் நிலுவைத் தலைகள் மேல் உள்ளூர் நாணய மதிப்பை அச்சடித்து அங்கே புழங்கவிட்டார்கள். 1929-இல் தனி வடிவத்திலேயே வெளியிட்டார்கள். அந்த நாணயத்தின் பெயர்கள் 'காஷ்', 'ஃபனோன்'. 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். காஷ் நம்முடைய காசு. ஃபனோன் நம்முடைய பணம். ஐரோப்பியர் வாயில் உருமாறி, பாரிசில் எழுத்தாகி, நம் தலையில் கடனாகத் திரும்பி வந்திறங்கியவை. காலனியம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு சதுர அங்குலத் தாளில் அது முழுக்க இருக்கிறது.

ஏலத்தில் இந்த வகைத் தலைகளுக்கு மதிப்பு வருகிற விதம் வேடிக்கையானது. பிய்த்தெடுத்த தனித்தலை பெரும்பாலும் மலிவு. அதே தலை உறையோடு, சரியான தொகைக்கு, சரியான ஊர் முத்திரையோடு, உண்மையாகவே பாக்கி வசூலித்த தடயத்தோடு இருந்தால் விலை ஏறும். சேகரிப்பாளருக்காக வேண்டுமென்றே தலை ஒட்டாமல் போட்டு வரவழைத்த உறையாக இருந்தால் விலை இறங்கும். அதாவது, சந்தைக்குத் தெரியும். எங்கோ ஒருவர் நிஜமாகவே கஷ்டப்பட்டுக் காசு கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தின் அசல்தன்மைக்குத்தான் பிரீமியம். ஆனால் லாட்டு விவரத்தில் வருவது தலையின் நிறம், துளைகளின் அளவு, மடிப்பு உண்டா, மஞ்சள் பூத்திருக்கிறதா என்பவைதான். கட்டியவரின் பெயர் உறையின் மேல் முகவரியாக இருக்கும். அதைப் படிக்க யாருக்கும் அவசியம் இல்லை. பண்ட வழிபாடு என்று மார்க்ஸ் சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்குமா, தெரியவில்லை.

4

போவின் திருட்டுப்போன கடிதம் கதையை வைத்துக்கொண்டு லக்கான் 1955-இல் ஒரு கருத்தரங்கு நடத்தினார். அதன் முடிவில் அவர் வந்து சேரும் இடம், கடிதம் எப்படியும் தன் இலக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது. தெரிதா 1975-இல் இதை மறுத்தார். போய்ச் சேராமல் போவதற்கான வாய்ப்பு எந்தக் கடிதத்துக்கும் அதன் அமைப்பிலேயே உண்டு என்றார். பிறகு 1980-இல் தபால் அட்டையையே தலைப்பாக வைத்துப் பெரிய புத்தகமும் எழுதினார். நம் சிறுபத்திரிகைகளில் இந்தச் சண்டையின் நிழல் நிறைய விழுந்திருக்கிறது. யார் சரி என்று நாமும் கட்சி கட்டியிருக்கிறோம்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்னத் தாத்தாவுக்கும் தெரியாது. யாரையாவது கெஞ்சி எழுத வைத்துத் தலை ஒட்டாமல் போடுவாராம். காசு இல்லாமலா என்று கேட்டேன். அதற்கு ஆயா சொன்னது: 'காசு இல்லாம இன்னா? ஸ்டாம்பு ஒட்னது வழியில தொலஞ்சாலும் தொலையும். பேரிங்கு தொலையாது கண்ணு. அதுல சர்க்காருக்குத் துட்டு வரணுமே, எப்படித் தொலைப்பான்?'

இந்த நம்பிக்கை எங்கள் குப்பத்தோடு நிற்கவில்லை. இந்தியாவில் பல ஊர்களிலும் ஜனங்கள் பேரிங்கை இப்படித்தான் நம்பினார்கள். லக்கானுக்கும் தெரிதாவுக்கும் நடுவில் ஆயா போட்ட கோடு இது. கடிதம் போய்ச் சேருமா சேராதா என்பது குறிப்பானின் இயல்பைப் பொறுத்தது என்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, வாசலில் யாரிடமிருந்து காசு வரவேண்டும் என்பதைப் பொறுத்தது என்கிறாள் இவள். அரசுக்குப் பாக்கி இருக்கிற இடத்துக்கு அரசு கட்டாயம் வந்து சேரும். நலத்திட்டம் வருவதற்கு ஐந்து வருஷம் ஆனாலும் ஜப்தி நோட்டீஸ் அஞ்சு நாளில் வந்துவிடுகிற ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க பாரிஸ் தேவைப்படாது.

நாட்டுப்புற ஞானம் என்று ஆயாவைத் தூக்கி மேடையில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவளுடைய கோட்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. கோல்ரிட்ஜ் கதைப் பெண்ணைப் போல உறையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருக்கலாம். உறை வந்ததே போதும், தம்பி உயிரோடு இருக்கிறான். உள்ளே இருப்பதைப் படிக்கவும் இன்னொருத்தரிடம் போய் நிற்கவேண்டும். ஆனாலும் அவள் ஒவ்வொரு தடவையும் பணம் கட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, 'நான் கட்டலைன்னா அந்தப் பாக்கி அவன் தலைல போய் நிக்கும்னாங்க' என்றாள். சட்டப்படி அவள் சொன்னது சரி. மறுத்தால் அனுப்பியவர்தான் பொறுப்பு. பினாங்கில் கூலி வேலை செய்கிறவனை அந்த ஷரத்து துரத்திப் பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். அவளுக்கு அந்தச் சந்தேகமே போதுமானதாக இருந்தது.

5

டச்சுக்காரர்கள் இந்த ஊரில் இருந்தவர்கள் என்பதால் ஒரு டச்சுப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டி, துணியும் வெடிமருந்தும் அடிமைகளும் ஏற்றுமதி செய்த துறைமுகம் பழவேற்காடு. 1690-இல் கோரமண்டல் கரையின் தலைமையிடத்தை இங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

கிட்டத்தட்ட அதே வருஷங்களில் அவர்களுடைய ஹேக் நகரத்தில் சிமோன் தெ பிரியன் என்ற தபால் அதிகாரியும் அவர் மனைவியும் ஒரு மரப்பெட்டியில் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 1689 முதல் 1706 வரையிலான சுமார் 2,600 கடிதங்கள். பெறுகிறவர் கட்டணம் கொடுக்க மறுத்தவை, ஊரைவிட்டுப் போனவர்களுக்கு வந்தவை, செத்தவர்களுக்கு வந்தவை. என்றைக்காவது யாராவது வந்து காசு கொடுத்து மீட்பார்கள் என்று அவற்றை வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் உண்டியல். உண்டியலை உடைக்க யாரும் வரவில்லை. 1926-இல் அது ஹேக் தபால் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதில் அறுநூறு கடிதங்கள் பிரிக்காமலேயே இருந்தன. 2021-இல் எக்ஸ்ரே கதிர் வைத்துப் பிரிக்காமலே படிக்கும் முறையை அவற்றில் சோதித்துப் பார்த்தார்கள்.

அதில் ஒரு கடிதம், கர்ப்பமாகிவிட்ட ஒரு பாடகிக்காக அவளுடைய தோழி ஹேக் நகர வியாபாரி ஒருவருக்கு எழுதி உதவி கேட்டது. அவர் வாங்க மறுத்துவிட்டார். அந்த மறுப்பு உறையில் குறிப்பாகப் பதிவாகியிருக்கிறது. ஆவணக் காப்பாளர்களுக்கு அது பொக்கிஷம். அந்தப் பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? கட்டாத பாக்கி முந்நூறு வருஷம் கழித்து விலைமதிப்பற்றதாக மாறுகிறது என்றால், மதிப்பு யாருடைய காத்திருப்பிலிருந்து சுரக்கிறது என்று கேட்டாக வேண்டும். ஏலச் சந்தை இதையே கொஞ்சம் வேகமாகச் செய்கிறது.

6

ஏலம் என்ற சொல்லே தமிழில்லை. போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' நம் வாயில் ஏலமாயிற்று. டச்சுக்காரர்களுக்கும் முன்னால் இந்தக் கரையில் வந்து இறங்கியவர்கள் அவர்கள். இன்றைக்கு அந்தச் சொல் காலை நேரத்துக் கரையில் முழங்குகிறது. 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று கூறுகிறவர் ஒருவர், கூடையைச் சுற்றிப் பெண்கள், வியாபாரிகள்.

இந்த ஊரில் இன்னொரு ஏற்பாடும் உண்டு, பாடு. ஏரியில் மீன் கிடைக்கும் இடங்கள் எல்லாம் ஒரே தரமல்ல. எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிற வழக்கம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றும் பாடு உரிமை உள்ளவை. காசு அதிகம் வைத்திருப்பவனுக்கு நல்ல இடம் என்பது ஏலம். முறை வந்தவனுக்கு நல்ல இடம் என்பது பாடு. தமிழில் இந்தச் சொல்லுக்குள் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். பட்ட பாடு என்கிறோம். அவன் பாடு திண்டாட்டம் என்கிறோம். கடன்படுகிறோம், அதுவே கடன்பாடு ஆகிறது. பங்கு, கஷ்டம், கடமை மூன்றையும் ஒரே வேரில் வைத்திருக்கிற மொழி இது.

உடனே பாட்டை ஒரு பொதுவுடைமைச் சொர்க்கமாக எழுதிவிடும் ஆசை வரும். எனக்கும் வந்தது. அதை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாட்டில் பெண்ணுக்குச் சீட்டு இல்லை. தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குச் சீட்டு இல்லை. ஏரியைச் சுற்றியுள்ள தலித் குடும்பங்களுக்கும் பின்னால் வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை. இதைச் சொல்கிற நான் சீட்டு உள்ள குப்பத்துக்காரன். ஏலத்தை விமர்சிக்க நான் பாட்டின் பக்கம் போய் நின்றுகொண்டால், அங்கேயும் யாருக்கோ நாங்கள் பாக்கி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதுதான் ஏலம், பாடு இரண்டையும் விழுங்குகிறது, அட்வான்ஸ். வலைக்கும் படகுக்கும் கல்யாணத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினவன் பிடித்ததை ஏலத்துக்கே கொண்டுவர முடியாது. அவரிடமே போட வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. இறாலும் நண்டும் குளிர்பதன லாரி ஏறிய பிறகு விலை எங்கோ போகிறது. அதில் இவனுக்குப் பங்கில்லை. முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். விலையில் குறைப்பதுதான் வட்டி.

ஆயா கட்டிய ஆறணா எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்லிவிடலாம். தபால்காரரை வாசலில் நிற்க வைத்துவிட்டுக் கருவாட்டு வியாபாரி வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அவர் கொடுத்தார், நோட்டில் எழுதிக்கொண்டார். சின்னத் தாத்தாவின் தபால் பாக்கி அந்த நிமிஷத்தில் தபாலாபீசிலிருந்து கிளம்பி வியாபாரியின் நோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு கூடை கூடையாகக் கருவாட்டில் குறைந்தது. உறையின் மேல் விழுந்த முத்திரை கடன் தீர்ந்ததாகச் சொல்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தவருக்கும் அது தீர்ந்த கடனாகத்தான் தெரிகிறது. நோட்டைக் கேட்டால் வேறு கதை சொல்லும். அந்த நோட்டு எந்த ஏலத்துக்கும் வருவதில்லை.

7

அரிய தலைகளின் விலை எங்கே போய் நிற்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பிரித்தானிய கயானாவின் 1856-ஆம் வருஷத்து ஒரு சென்ட் தலை, உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, 2014-இல் சுமார் 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2021-இல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது சுமார் 83 லட்சம். லண்டனிலிருந்து தலைகள் வந்து சேராததால் உள்ளூர் அச்சகத்தில் அவசரமாக அடித்த தலை அது. 1873-இல் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் வீட்டுக் காகிதங்களிலிருந்து எடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். அதே கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1838 முதல் இந்தியாவிலிருந்து கூலிகள் கப்பலேறினார்கள், தமிழர்களும் உண்டு. அவர்களுடைய கடிதங்களுக்கு என்ன விலை?

நம் பக்கம் என்றால் 1948-இல் வெளியான காந்தி பத்து ரூபாய்த் தலை, 'சர்வீஸ்' என்று மேலச்சுப் போட்டது. அதில் நான்கு தலைகள் சேர்ந்த ஒரு துண்டு 2017-இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. எளிமையின் உருவம், கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்கு, ஐந்து லட்சம் பவுண்டு. இதற்கு உரை எழுதத் தேவையில்லை.

ஸ்ரீஹரிகோட்டா இந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற தீவு. 1980 ஜூலை 18-இல் அங்கிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளோடு மேலே போனது. ஒரு வருஷம் கழித்து அதற்குத் தபால்தலை வந்தது. ராக்கெட் தளத்துக்காகத் தீவிலிருந்து கிளப்பப்பட்டவர்கள் உண்டு. இன்றும் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று எங்கள் ஜனங்களுக்கு அறிவிப்பு வருகிறது. போகாத நாளின் கூலி யார் கணக்கில்? அரசு தன் சாதனைக்குத் தலை வெளியிடுகிறது. தான் பட்ட பாக்கிக்கு வெளியிடுவதில்லை. நிலுவைத் தலை எப்போதும் ஜனங்கள் அரசுக்குத் தரவேண்டியதற்குத்தான். எதிர்த் திசையில் ஒன்று உலகத்தில் எங்கும் அச்சாகவில்லை.

இதையெல்லாம் சேகரிப்பாளர்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. பெஞ்சமின் 1928-இல் வந்த தன் 'ஒருவழிப் பாதை'யில் தபால்தலைக் கடையைப் பற்றிப் பேசும்போது, முத்திரைகளுக்காகவே தலைகளைத் தேடும் ஒரு வகையினரைக் கவனிக்கிறார். குப்பைக்குப் போக வேண்டியதைக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள்தான். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் உப்புக்காற்று பட்டு உறையின் ஓரம் பொடிந்துகொண்டிருக்கிறது. அந்த வியாபாரி வாங்கியிருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னும் நூறு வருஷம் வைத்திருப்பார். இது எனக்குத் தெரியும்.

சிறுபத்திரிகைக்காரர்கள் நாம் மட்டும் யோக்கியமா? சந்தா பாக்கியிலேயே பிறந்து சந்தா பாக்கியிலேயே செத்த பத்திரிகைகள் எத்தனை! தலை குறைவாக ஒட்டி அனுப்பிய இதழுக்கு வாசலில் காசு கட்டிய சந்தாதாரர்கள் எத்தனை பேர்! 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழின் பழைய பிரதிகளை இன்றைக்கு அரிய சரக்காகத் தேடுகிறோம். அவற்றைச் சுமந்துகொண்டு செல்லப்பா ஊர் ஊராக அலைந்தது அதன் மதிப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. அன்றைக்குக் காசு கொடுத்து வாங்காத நாம்தான் இன்றைக்குப் பெருமையோடு அலமாரியில் வைக்கிறோம். தபால் ஒழுங்குகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. நம் காகிதங்களும் சீக்கிரம் லாட்டு எண் பெறும். அப்போது நம் பாக்கியும் நேர்த்தியாக மறைந்துவிடும்.

8

ஆகவே சேகரிக்காதே என்று சொல்வது வெட்டிப் பேச்சு. எதைச் சேகரிப்பது, எதோடு சேர்த்து வைப்பது என்பதுதான் அரசியல். நிலுவைத் தலை ஒட்டிய உறை தனியாக இருக்கும்வரை அது சரக்கு. அதோடு அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்ற வாக்குமூலத்தையும் சேர்த்தால் அது சாட்சியம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் களத்தில் வேலை செய்கிறவர்கள் அதிகம் என்பதால் நேராகவே கேட்கிறேன். மீன் வியாபாரிகளின் பழைய கணக்கு நோட்டுகள், கூட்டுறவுச் சங்கத்தில் தள்ளுபடியாகாத கடன் பட்டியல்கள், கப்பலேறிப் போனவர்களின் பேரிங் உறைகள், அவற்றைக் கட்டிய கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்லும் கணக்கு, இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க நாம் என்ன செய்திருக்கிறோம்? நோட்டுகள் பழைய பேப்பர் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

உறையை நான் விற்கவில்லை. தியாகம் ஒன்றுமில்லை, எண்ணூறு ரூபாய்க்கு அவசரம் இல்லாத நிலைமையில் இருக்கிறேன், அவ்வளவுதான். அவசரம் இருந்தால் விற்றிருப்பேன். போன மாசம் அந்த வியாபாரி போன் செய்தார். 'இன்னும் இருநூறு சேத்துக்கறேன் சார், யோசிச்சுச் சொல்லுங்க' என்றார்.

அன்றைக்கு ராத்திரி நைனாவிடம் கேட்டேன், அந்த ஆறணாவை ஆயா கருவாட்டுக்காரரிடம் கட்டி முடித்தாளா என்று. வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

'அது எங்கடா முடியும்? ஆயா போனப்போ தாத்தா பேர்ல மாத்தி எழுதனாங்க. அப்பறம் எம் பேர்ல.'